குறுக்கே வராத மாடு

நான் பிறந்த ஊர் மோகனூருக்கு மேற்கே வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது. அங்கே வண்டி ஓட்டுகிறவர்கள் குடிப்பதை யாரும் ஒரு பேச்சாகவே எடுத்ததில்லை. சந்தைக்கோ கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போனால், திரும்பும்போது வண்டிக்காரனுக்கு இரண்டு கலயம் கள் உண்டு. அது அவனுக்குச் செய்கிற மரியாதை. குடித்துவிட்டு அவன் உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிவிடுவான். மாடுகள் பாட்டுக்கு நடந்து, வாய்க்கால் பாலத்தில் திரும்பி, எங்கள் கட்டுத்தரைக்கு வந்து நிற்கும். வண்டி நின்ற பிறகுதான் அவனுக்கு விழிப்பு வரும். நானே எத்தனையோ தடவை அப்படி வந்திருக்கிறேன். மாட்டுக்கு வழி தெரியும் என்று சொல்லிவிட்டு வண்டிக்குள் இருக்கிறவர்களும் கண்ணை மூடிக்கொள்வார்கள். குடித்தது வண்டிக்காரன்தானே, மாடு இல்லையே.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால் எங்கள் வீட்டில் நடந்தது வெளியூர்க்காரர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். தெரிந்தாலும் பைத்தியக்காரத்தனம்தான்.

எனக்கு ஒரே அக்கா. வேறு கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அக்காவைப் பரமத்திப் பக்கம் ஒரு வசதியான குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். கரும்பும் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருந்த குடும்பம். அக்கா புருஷனை மாமா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். மாமா கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். எங்கள் வீட்டுக்கு வந்தால் என் அம்மாவுக்குக் கிணற்றில் தண்ணீர் சேந்திக் கொடுப்பார். மாமியாருக்குத் தண்ணீர் சேந்துகிற மாப்பிள்ளையை எங்கள் ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆம்பளையா இவன் என்று சிரித்தார்கள். அவருக்கு அது உறைக்கவே இல்லை.

சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது தன் காரை விற்றார். மாமா அதை வாங்கினார். காரைப் பிளஷர் என்று சொன்ன காலம் அது. எங்கள் சுற்றுவட்டாரத்தில் அதுதான் முதல் பிளஷர். முன்பக்கம் ஒரு ஓட்டை இருக்கும். அதற்குள் வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்றைச் செருகிப் பலங்கொண்ட மட்டும் சுற்றினால்தான் எஞ்சின் உயிர் பெறும். மாமா அதை ஹேண்டில் என்பார். எங்கள் ஊர் வாயில் அது ஆண்டில் ஆகிவிட்டது. ஆண்டில் இல்லாவிட்டால் அந்தக் கார் வெறும் தகரம்.

அக்காவுக்கு முதலில் ஒரு பெண். துறுதுறுவென்று இருக்கும். காரின் பக்கத்தில் ரப்பர் உருண்டை வைத்த ஊதுகுழல் ஒன்று இருந்தது. அதை அமுக்கினால் பாம் பாம் என்று கத்தும். முன்னால் உட்கார்ந்து அதை அமுக்குவதென்றால் அந்தக் குழந்தைக்குச் சோறு தண்ணி வேண்டாம். அவள் வருகிறாள் என்பது கார் கண்ணில் படும் முன்பே எங்கள் காதுக்குத் தெரிந்துவிடும். அவளுக்குப் பிறகு ஒரு பையன் பிறந்தான். அவனுக்கு மொட்டை அடித்துக் கிடாய் வெட்டுவதாக எங்கள் குலசாமிக்கு அப்பா நேர்ந்திருந்தார். ஓர் ஆடி மாதம் அந்தக் காரியத்துக்காக எல்லோரும் கோயிலுக்குப் போனோம். வாய்க்காலில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அப்போது பதினேழு வயது.

மொட்டை அடித்துச் சந்தனம் பூசியாயிற்று, கிடாய் வெட்டிப் பந்தியும் முடிந்தது. மரத்தடியில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். பானை வந்தது. முதல் கலயம் மாப்பிள்ளைக்கு. மாப்பிள்ளை வேண்டாம் என்று சொன்னால் மாமனார் வீட்டு உபசரிப்பில் குறை என்று அர்த்தம். அதனால் அப்பா தன் கையாலேயே ஊற்றினார், மறுபடியும் ஊற்றினார், பங்காளிகள் தங்கள் பங்குக்கு ஊற்றினார்கள். மாமாவும் ஒவ்வொருவர் மனசும் நோகக் கூடாதென்று குடித்தார். அவருடைய நல்ல குணம்தான் அன்றைக்கு அவருக்கு எமனாக வந்தது. அவருக்கா என்ன, அவர் உயிரோடுதான் இருந்தார்.

கிளம்பும்போது அக்கா அவர் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் சொன்னாள்.

"போதுமுங்க. வண்டி ஓட்டோணுமில்லீங்க."

மாமா காரின் முன்பக்கத்தை மாட்டின் முதுகைத் தட்டுவதுபோலத் தட்டினார்.

"இதுக்கும் ஊட்டுக்கு வழி தெரியும் புள்ளே."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அது சிரிப்பான பேச்சுத்தான், இன்றைக்கும் நினைத்தால் அதில் உள்ள வேடிக்கை எனக்குத் தெரிகிறது. கைக்குழந்தை கார்ச் சத்தத்தைக் கேட்டால் வீரிட்டு அழும். அதனால் அவனை நானும் அம்மாவும் வைத்துக்கொண்டு மாட்டு வண்டியில் ஏறினோம். அக்காவும் பெண் குழந்தையும் காரில் போனார்கள். அப்பாவும் பங்காளிகளும் பாத்திர பண்டங்களோடு பின்னால் இன்னொரு வண்டியில் வந்தார்கள். கார் கண்ணுக்கு மறைந்த பிறகும் சோளக்காட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாம் பாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கை வலிக்கப்போகுது பாரு, இவளுக்கு ராத்திரி எண்ணெய் தடவி விடோணும் என்று அம்மா சொன்னாள்.

எங்கள் வண்டிக்காரன் வழக்கம்போலத் தூங்கிவிட்டான். மாடுகள் வழக்கம்போல நடந்தன. வாய்க்கால் பாலத்துக்கு வந்ததும் நின்றுவிட்டன. வீடு இன்னும் வரவில்லையே, ஏன் நின்றது என்று நான் தலையை நீட்டிப் பார்த்தேன். பாலத்தின் பக்கச் சுவர் உடைந்திருந்தது. கீழே தண்ணீருக்கு மேலே ஒரு சக்கரம் மட்டும் தெரிந்தது. நெல் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று எதையோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா கரையில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ரத்தம். வாய் ஓயாமல், தெரியலயே, ஒண்ணும் தெரியலயே என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவையும் குழந்தையையும் சேர்த்துத்தான் தூக்கினார்கள். பிரிக்க முடியவில்லை.

அதற்குமேல் அந்தக் கரையைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

ஆனால் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். பின்னால் வந்த வண்டியிலிருந்து அப்பா இறங்கி ஓடிவந்தார். மகளைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டு விழுந்தார். பிறகு எழுந்து மாமாவிடம் போனார். அவர் கேட்ட முதல் கேள்வியை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"மாடு ஏதாச்சும் குறுக்க வந்துதுங்களா மாப்பிள்ளே?"

மாமா அவரையே பார்த்தார். பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அந்த மாட்டை எங்கப்பாதான் ஓட்டிவந்து மாமா முன்னால் நிறுத்தினார். தன் கையால் கள்ளை ஊற்றிய மனிதருக்கு அந்த நேரத்தில் ஒரு மாடு தேவைப்பட்டது. மாப்பிள்ளையைக் காப்பாற்றவா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

போலீஸ் வந்தது. ஊர் மணியக்காரரும் பெரியவர்களும் கூடி நின்று, மாடு குறுக்கே வந்தது என்று ஒரே வாயாகச் சொன்னார்கள். யாருடைய மாடு என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு மாடு அடுத்தவன் சோளத்தில் வாய் வைத்துவிட்டால், அது யார் மாடு, யார் அவிழ்த்துவிட்டது, என்ன நிறம், எந்தக் கொம்பு வளைந்தது என்று பொழுது சாயும்வரை பஞ்சாயத்து நடக்கும். இரண்டு உயிரைக் கொன்ற மாட்டுக்கு மட்டும் நிறமும் இல்லை, கொம்பும் இல்லை, சொந்தக்காரனும் இல்லை. காரை வாய்க்காலிலிருந்து வெளியே இழுக்க நிஜ மாடுகளைத்தான் கட்டினார்கள். ஜோடி ஜோடியாக நின்று அவை இழுத்தன.

மாடு வந்தது எதனால் என்பதற்கு ஜோசியர் வந்தார். அக்காவின் ஜாதகத்தைப் பிரித்துப் பார்த்து, தண்ணீரில் கண்டம் இருக்கிறது என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. தண்ணீரில் கண்டம் என்றுதான் சொன்னார், எந்தத் தண்ணி என்று கேட்பார் இல்லை. அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கல்யாணத்தின்போதே இதற்கு ஏதும் பரிகாரம் சொல்லவில்லையா என்று அவர் அம்மாவைப் பார்த்துக் கேட்டார். சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் மோகனூர் ஆற்றங்கரையில் விளக்குப் போடச் சொல்லியிருந்தார்கள். அம்மா கொஞ்ச நாள் போட்டாள். அறுப்பு வந்தது, ஆள் இல்லை, நின்றுபோயிற்று. அம்மா இதைச் சொல்லிவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து எங்கம்மாவுக்கு, தன் மகளையும் பேத்தியையும் தான்தான் கொன்றோம் என்று ஆகிவிட்டது. நாந்தான் கொன்னுபோட்டேன் சாமி, நாலு விளக்கு ஏத்தக் கை வல்லாம நாந்தான் கொன்னுபோட்டேன் என்று கைக்குழந்தையிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். அவனுக்கு என்ன தெரியும், சிரிப்பான். நான் அவளிடம் எத்தனையோ தடவை சொன்னேன். மாமா குடித்திருந்தார், நீயும் பார்த்தாய், அப்பா ஊற்றியதையும் பார்த்தாய் என்றேன். அதற்கு அம்மா ஒரு பதில் வைத்திருந்தாள்.

"ஊருல எல்லாருந்தான் குடிக்கறாங்க. எல்லாருமா சாவறாங்க?"

குடித்தவன் கையில் கார் இருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க ஊரில் வேறு கார் இல்லை. ஒரே கார், அது ஒரே தடவைதான் விழுந்தது. சின்னப்பெண்ணான என் வாய்ச்சொல் அவளுக்கு ஏறவில்லை. ஓட்டியவர் வாயால் வந்தால்தான் ஏறும். அக்காவைக் கட்டின மாப்பிள்ளையே வந்து, அத்தை, நான் குடித்திருந்தேன், அதனால்தான் போனார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் நம்பியிருப்பாள். எனக்கு வேண்டியிருந்ததும் அந்த ஒரு வார்த்தைதான். அவரை ஜெயிலுக்கு அனுப்ப நான் ஆசைப்படவில்லை. அம்மா சுவரைவிட்டு எழுந்திருக்க வேண்டும், அவ்வளவே.

கருமாதி முடிந்த கையோடு அப்பா பேச்சை எடுத்தார். கைக்குழந்தைக்குத் தாய் வேண்டும், மாமாவுக்குச் சோறாக்க ஆள் வேண்டும், வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் பிள்ளையை எப்படிப் பார்ப்பாளோ என்றார். மூத்தவள் போய்விட்டால் இளையவளைக் கொடுப்பது எங்களில் வழக்கம்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. நான்தான் குறுக்கே விழுந்து சொன்னேன். கட்டிக்கொள்கிறேன், ஆனால் மாமா அம்மா முன்னால் நின்று, குடித்துவிட்டு ஓட்டினேன் என்று சொல்லட்டும் என்றேன். அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். பெண்டாட்டியையும் பிள்ளையையும் பறிகொடுத்தவனை இன்னும் குத்துவதா, உனக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்றார்கள் பங்காளிகள். வேடிக்கை என்னவென்றால், அவர் குடிக்கவே இல்லை என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. பாவம், போதையில் இருந்தான், அவனுக்கென்ன தெரியும் என்றார்கள். நான் எதைக் குற்றம் என்றேனோ அதையே அவர்கள் மன்னிப்பாக நீட்டினார்கள்.

வெற்றிலை பாக்கு மாற்ற மாமா வந்தார். மெலிந்து பாதியாகியிருந்தார். நான் எல்லோர் முன்னாலும் வந்து நின்று கேட்டேன். ஒரு பெண் அப்படிச் சபையில் வந்து நிற்பதே அந்தக் காலத்தில் பெரிய அடாவடி. மாமா அம்மாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். மாடு வந்துச்சுங்க அத்தே என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அம்மா, தெரியுமுங்க மாப்பிள்ளே, எல்லாம் என் பாவமுங்க என்றாள். நான் உள்ளே போய்விட்டேன். வெற்றிலைத் தட்டு அப்படியே திரும்பிப் போனது.

பிள்ளை மட்டும் தட்டோடு போய்விட்டான். அது அவர்கள் வீட்டு வாரிசு, அவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். மாமாவின் வீட்டில் அப்போது பெண் துணை கிடையாது. கூலிக்கு வந்த ஒரு கிழவி பால் ஊற்றினாள். மழைக்காலத்தில் அவனுக்குப் பேதி கண்டு எலும்பும் தோலுமாகிவிட்டான் என்று சேதி வந்தது. நான் சோற்றில் கை வைக்க முடியாமல் கிடந்தேன். ஒருநாள் விடிந்து வெயில் ஏறும் நேரத்துக்கு மாமா வந்தார். பரமத்தியிலிருந்து நடந்தே வந்திருந்தார். தோளில் பிள்ளை, கையில் துணி சுற்றிய ஒரு பொருள். பிள்ளையை என் கையில் கொடுத்தார். துணியை அவிழ்த்து அந்தப் பொருளை என் காலடியில் வைத்தார். காரின் ஆண்டில்.

"இத நீ வெச்சுக்க அம்மிணி. நான் கேட்டாலும் பாத்துக் குடு."

வாயால் வராததைக் கையால் கொடுத்தார் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது யோசித்தால் அதிலும் ஒரு தந்திரம் இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே என் வாயை அடைத்துவிட்டார். ஆனாலும் பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு இருந்தான். சளி ஒழுகிக்கொண்டிருந்தது. நான் ஆண்டிலை எடுத்துக்கொண்டேன். தை மாதம் கல்யாணம் நடந்தது. வாய்க்காலில் விழுந்த காரையும் அதற்குள் பழுது பார்த்து வைத்திருந்தார்கள்.

அந்த வீட்டில் கம்பு கொட்டி வைக்கும் பெரிய மண்மொடா ஒன்று சமையல்கட்டில் இருக்கும். ஆண்டிலை அதற்குள் புதைத்து வைத்தேன். மாமாவுக்குக் கார் வேண்டுமென்றால் சமையல்கட்டு வாசலுக்கு வந்து நிற்க வேண்டும். நான் அடுப்பைவிட்டு எழுந்து பக்கத்தில் போய் நிற்பேன். ஏதாவது பேச்சுக் கொடுப்பேன். அவர் பதில் சொல்ல வாயைத் திறப்பார். வாசனை இல்லாவிட்டால் கம்புக்குள் கையை விட்டு எடுத்துத் தருவேன். ஊர் முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தது. பொண்டாட்டிகிட்ட வாயை ஊதிக் காட்டுற மவராசன் என்று அவரைக் கேலி பேசினார்கள். மாமியாருக்குத் தண்ணீர் சேந்தியபோது எப்படிப் பொறுத்தாரோ அப்படியே இதையும் பொறுத்தார். குடித்த நாளில் அவர் வாசலுக்கு வரவே மாட்டார், மாட்டு வண்டியைக் கட்டச் சொல்லுவார். இதில் அவர் ஒருநாளும் என்னை ஏமாற்றியதில்லை. நல்லதை நல்லதென்று சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. நானும் விடவில்லை. சோறு போடும்போது கேட்டிருக்கிறேன், அவருக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது கால் பிடித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். அம்மாவிடம் ஒரு தடவை சொல்லிவிட்டு வாருங்கள், உங்களை ஒன்றும் செய்துவிட மாட்டாள், ஒருவேளை சந்தோஷப்படுவாள் என்றிருக்கிறேன். சொல்லுறேன், பொறு என்பார். அடுத்த தடவை எங்கள் ஊருக்குப் போவோம். அம்மா மாப்பிள்ளையைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குற்றவாளி நிற்பதுபோலக் கதவோரம் நிற்பாள். அவர் கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் சேந்துவார். குடம் குடமாகச் சேந்தி ஊற்றுவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருப்பேன்.

அம்மா விளக்குப் போட ஆரம்பித்திருந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் மோகனூருக்கு நடந்து போய் ஆற்றங்கரையில் ஏற்றிவிட்டு வருவாள். போனவளுக்கு எதற்கு விளக்கு என்றால், பேரனுக்கு என்பாள். தாய்க்கு இருந்த கண்டம் பிள்ளைக்கும் வருமாம். அவனை ஆற்றுப் பக்கம் விடக் கூடாது, கிணற்றை எட்டிப் பார்க்க விடக் கூடாது, வாய்க்காலில் கால் நனைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். காவேரிக்கரைப் பிள்ளை ஒருவன் நீச்சல் தெரியாமல் வளர்ந்தான் என்றால் அது எங்கள் வீட்டுப் பிள்ளைதான். கள்ளுக்கடை வாசலில் நின்று விளையாடினால் ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதில்தான் கண்டம் இல்லையே.

இடையில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. நாட்டிலேயே எங்கள் ஜில்லாவில்தான் முதலில் என்று பேசிக்கொண்டார்கள். கடைகளைப் பூட்டினார்கள். பெண்கள் மஞ்சள் நீர் தெளித்து வாசல்களில் கோலம் போட்டார்கள். நானும் போட்டேன். சந்தோஷம்தான், இல்லையென்று ஏன் சொல்ல வேண்டும். போட்டுவிட்டு உள்ளே வந்து, ஏன் சாமி, கொஞ்சம் முன்னால் பூட்டியிருக்கக் கூடாதா என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன். பூட்டி என்ன, உலகச் சண்டைக் காலத்தில் திறந்தார்கள், மறுபடி பூட்டினார்கள். பூட்டியிருந்த நாட்களிலும் ஓடைக்குள் ஊறல் போட்டுச் சாராயம் காய்ச்சினார்கள். காய்ச்சுகிறவன் வீடு எது என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

சண்டைக் காலத்தில்தான் அம்மா போனாள். பெட்ரோல் கிடைக்காமல் கார் கொட்டகையில் கிடந்தது, மாட்டு வண்டியில் போனோம். கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை விளக்கை விட்டுவிடாதே, நான் விட்ட மாதிரி விட்டுவிடாதே என்று சொன்னாள். மாமா பக்கத்தில்தான் நின்றார். அவர் வாயையே பார்த்தேன். அது திறக்கவில்லை. அன்றைக்கு அவரை நான் வெறுத்தேன்.

பையன் வளர்ந்தான். மீசை அரும்பியது. என்னைத்தான் அம்மா என்பான், அக்காவைப் பெத்த அம்மா என்பான். மாமாவே அவனுக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தார். அவனும் ஆண்டில் வேண்டுமென்றால் சமையல்கட்டு வாசலுக்குத்தான் வருவான். அதை ஏதோ எங்கள் வீட்டு வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு சித்திரை மாதம், சிநேகிதன் வீட்டுக் கிடாய் விருந்துக்குப் போனவன் மத்தியானம் திரும்பி வந்தான். கூட இரண்டு பேர். நாமக்கல் போய்வர வேண்டும், ஆண்டிலைக் கொடுங்கள் என்று வாசலில் நின்றான். நான் பக்கத்தில் போகவே தேவைப்படவில்லை, சாராய வாடை அடுப்படிவரைக்கும் அடித்தது. மாட்டேன் என்றேன். அவன் சிரித்தான். அவனுடைய அப்பனின் அதே நல்ல சிரிப்பு. மாமா முற்றத்தில் வெற்றிலை கட்ட வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தார்.

"பெத்த அம்மாளுக்குக் கண்டம் இருந்துச்சு, செத்தாங்க. என் ஜாதகத்துல ரோட்டுல ஒரு கண்டமும் இல்லீங்கம்மா. குடுங்க" என்றான்.

மாமாவின் கையில் நார் நின்றுவிட்டது. அவர் எழுந்து வந்தார். சிநேகிதர்கள் இருக்கிறார்களே என்றும் பார்க்கவில்லை.

"கண்டமும் இல்ல, மாடும் இல்ல. நான் குடிச்சிருந்தேன். உங்கம்மா வேண்டாமுன்னு சொன்னா. நான் கேக்கல."

பையன் சிரித்த வாயோடு அப்படியே நின்றான். பிறகு, ஆடி அமாவாசைக்குச் சின்னதாக ஒரு இலை போடுகிறீர்களே, அது யாருக்கு என்று ஏன் யாரும் என்னிடம் சரியாகச் சொல்லவில்லை என்று கேட்டான். உனக்கு ஒரு அக்கா இருந்தாள், அவளும் அந்தக் காரில்தான் போனாள், ஊதுகுழலை அமுக்குவாள் என்றேன். அவன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். சிநேகிதர்கள் நடந்தே போனார்கள்.

அன்றைக்குப் பொழுதோடு மாமாவே என்னிடம் வந்து, சொல்லிட்டேனில்ல என்றார், ஏதோ கடனைக் கட்டிவிட்டவர்போல. எங்கம்மாகிட்டச் சொல்லியிருக்கோணுமுங்க என்றேன்.

அந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு எப்போதும்போல இலை போட்டேன். அக்காவுக்கு ஒன்று, குழந்தைக்குச் சின்னதாக ஒன்று. அம்மாவுக்கு ஆண்பிள்ளை இல்லை என்பதால் அவளுக்கும் நான்தான் போடுவேன். அவளுடைய பழைய சேலையை மடித்து இலைக்குப் பின்னால் வைத்திருந்தேன். சோறும் வாழைக்காயும் வடையும் பரிமாறினேன். மாமா குளித்துவிட்டு வந்து கும்பிட்டார். எல்லா இலைக்கும் கும்பிட்டுவிட்டு அம்மாவின் இலை முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார். பையன் என் பக்கத்தில் நின்றான்.

"அத்தே, விளக்குப் போடாததுனால இல்லீங்க. மாடு வரலீங்க. நான் குடிச்சுப்போட்டு ஓட்டுனனுங்க. உங்க மேல ஒரு பாவமும் இல்லீங்க."

நான் பதினேழு வயசில் கேட்ட வார்த்தை. ஒன்று குறையாமல், கேட்டதற்கு மேலேயே சொல்லிவிட்டார். குரல் உடைந்து அழுதார். பையனும் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. மோகனூருக்கு நடந்து நடந்து வெடித்துப்போன அம்மாவின் குதிகால்தான் கண் முன்னால் நின்றது. கதவோரம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாளே, அப்போது இதைச் சொல்லியிருந்தால் அவள் உட்கார்ந்து ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பாள். இப்போது அங்கே இருந்தது ஒரு வாழை இலையும் ஒரு பழைய சேலையும்.

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார்.

"காக்காய்க்கு எடுத்து வைங்க. சோறு ஆறிப்போச்சுங்க" என்றேன்.